கல்யாண வீட்டில் ஒரு தறிக்குழி

2026 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். தூத்துக்குடி ரயில் நிலையத்துக்கு வெளியே வானம் தெளிவாக இருந்தது. கிழக்கிலிருந்து உப்பு வாடையோடு காற்று. கோயமுத்தூரில் போர்த்திக்கொண்டு கிளம்பிய கம்பளிச் சால்வை இங்கே ஐந்தாவது நிமிடத்திலேயே சுமையாகிவிட்டது. கையில் நான்கு உருப்படிகள்: ஒரு பெட்டி, ஒரு தோள்பை, ஒரு குடை, ஐந்து லிட்டர் சிறுவாணித் தண்ணீர். கடைசி உருப்படியைப் பார்த்து வண்டியில் மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எழுபத்தொரு வயதுக் குடல் என்னுடையது, அவர்களுடையது அல்ல.

நான் அருங்காட்சியகம் ஒன்றின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும் எதற்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு வகை போடுவது என் தொழில். உடைந்த பானை ஓடு ஒன்று பெயரில்லாமல் மேசைமேல் கிடந்தால் எனக்கு மதியச் சோறு இறங்காது. இந்தப் பயணத்துக்குக் காரணம் எஸ்தர். முன்பு என் பக்கத்து மேசை, இப்போது தொல்பொருள் அலுவலர், நாசரேத்துக்காரர்.

"சார், வேம்பார் பக்கம் ஒரு வீட்டுல குழி ஒண்ணு கெடச்சிருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்று போனில் கூப்பிட்டார்.

"ஒரு வார்த்தைதானே, இப்பவே சொல்லிடறேனுங்க."

"இல்ல சார். நேர்ல வந்து சொல்லுங்க. நான் சொன்னா அடிப்பாங்க."

எஸ்தர் கொண்டுவந்த ஜீப்பில் இடது பக்கக் கதவு மூடாது. வழி முழுக்க அதை நான் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். துறைமுகத்தை நோக்கி லாரிகள் வரிசையாகப் போயின. அறுபத்து நான்கு வரை எண்ணினேன். அப்போது எஸ்தர் ஏதோ கேட்டார், கணக்குத் தப்பிவிட்டது. ஊரைத் தாண்டியதும் உப்பளங்கள். பாத்திகளுக்குக் கரையில் உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். எங்கள் ஊரில் பருத்திக் குடோனுக்கு வெளியே பஞ்சு சிந்திக் கிடப்பது போல இங்கே சாலையோரம் உப்பு சிந்திக் கிடக்கிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

வழியில் ஒரு கடையில் இட்லி. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது, டீயிலும் இருந்தது. கடைக்காரரிடம் சொன்னேன்.

"தண்ணி அப்படித்தான் அண்ணாச்சி" என்றார் அவர், வருத்தமே இல்லாமல். "நீங்க என்ன கையிலேயே ஆத்தத் தூக்கிட்டு வந்துட்டிய?"

ஊர் வேம்பாருக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி. மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள்; நடுவில் ஊரை விடப் பெரிய கோயில். நாங்கள் போன வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. வீட்டுக்காரி ஸ்டெல்லா, ஐம்பது வயதுக்குள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யா, நீங்கதான் கோயமுத்தூரா? வாங்க, வாங்க. இந்தக் குழியத் தூக்கிட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"குழியை எப்படிங்க தூக்கறது?"

"அதத்தான நானும் கேக்குதேன். தூக்கவும் முடியாது, மூடவும் கூடாதுன்னா, அத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரு மூலையில் புதிதாகக் கட்டிய கழிப்பறை, வெள்ளைச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வாசலில் வைக்கோலுக்குள் ஒரு மேல்நாட்டுக் கோப்பை பொருத்தப்படாமல் உட்கார்ந்திருந்தது. அறைக்குப் பின்னால் கழிவுத் தொட்டிக்குத் தோண்டியிருக்கிறார்கள். மூன்றடி ஆழத்தில் செங்கல் கட்டிய ஒரு குழி தட்டுப்பட்டிருக்கிறது. உள்ளே துளையிட்ட வட்டுகள், இரும்புக் கொக்கிகள், எலும்பு முனை ஒன்று. கொத்தனார் பஞ்சாயத்தில் சொல்ல, பஞ்சாயத்து எஸ்தரிடம் சொல்ல, வேலை நின்றுவிட்டது. குழிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த வேலியோரம், ஒரு பழைய மரவள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஸ்டெல்லாவின் மாமனார் காலத்துப் படகு.

ஸ்டெல்லாவின் அவசரம் என்ன என்பதை ஒரே மூச்சில் சொன்னார். மகள் ஜெனோவாவுக்கு வரும் திங்கட்கிழமை கல்யாணம். அதற்கு இரண்டாம் நாள் சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை கப்பல்காரர்.

"மார்ச்சு ஒண்ணாந்தேதி கப்பல் ஏறுதான். ஏறுனா ஒம்பது மாசம். தள்ளிப்போட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"கல்யாணம் நடக்கட்டுமே. அதுக்கும் குழிக்கும் என்னங்க?"

"சம்மந்தியம்மா திரேஸ்புரம். ரெண்டு முட்டியும் ஆப்பரேசன். கீழ குத்தவைக்க முடியாது. 'கோப்பை வச்ச கக்கூசு இருந்தா வாரோம், இல்லன்னா கல்யாணம் இங்கன எங்க கோயில்ல'ன்னு சொல்லிட்டாவ. இந்த ஊர்க் கோயில்ல மூணு ஞாயித்துக்கிழம பூசையில பொண்ணு மாப்பிள்ள பேரு வாசிச்சாச்சு. இனிமே பொண்ணத் தூக்கிக்கிட்டு அங்க போனா இந்த ஊருல நான் தல நிமிந்து தண்ணி எடுக்க முடியுமா?"

எஸ்தர் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பார்த்தேன். குழி நான்கு மூலையும் ஒழுங்காக, தன்பாட்டுக்கு இருந்தது.

புதன்கிழமை. எனக்குத் தங்க இடம் கோயில் விருந்தினர் அறை. விசிறி மூன்று வேகத்திலும் ஒரே வேகம். காலையில் கருப்பட்டிக் காபி கொடுத்தார்கள். அதில் உப்பு தெரியவில்லை. இங்கே இருக்கும்வரை இதுவே போதும் என்று முடிவு செய்து, சிறுவாணியை மாத்திரைக்கு மட்டும் ஒதுக்கினேன்.

குழியில் கிடைத்தவற்றை ஸ்டெல்லா வீட்டு வராந்தாவில் பரப்பினோம். இருபத்து மூன்று. சுட்டமண் வட்டு பதினான்கு; சங்கை அறுத்துத் தேய்த்த வட்டு ஆறு; கொக்கி இரண்டு; எலும்பு முனை ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் வெங்காயம் உரித்தபடி சூழ்ந்துகொண்டார்கள்.

"இது வலைக்குக் கட்டுத வெயிட்டு" என்றது ஒரு குரல்.

"இம்புட்டுக் காணும் வெயிட்டக் கட்டுனா வலை எங்க முங்கும்? உங்க வீட்டு வலதான் முங்காது, அதான் மீனும் இல்ல" என்றது இன்னொன்று. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நான் ஒரு தென்னங்குச்சியைச் சீவி, சங்கு வட்டின் துளையில் செருகி, விரலால் சுழற்றித் தரையில் விட்டேன். ஆடாமல் அசையாமல் நின்று சுற்றியது. ஓட்டை நட்டநடுவில் இருந்தால்தான் அப்படிச் சுற்றும். வலையில் தொங்கும் கனத்துக்கு ஓட்டை எங்கே இருந்தால் என்ன? இவை நூல் நூற்கும் தக்களியின் அடிவட்டு. எஸ்தர் அடுத்த வட்டைச் சுற்றினார், அதுவும் நின்றது. அதற்குப் பிறகு வெங்காயம் உரித்த கைகளெல்லாம் வட்டுச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. இருபதையும் திரும்ப எண்ணி வாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மணப்பெண் ஜெனோவா மட்டும் ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தாள். மருதாணி போட்ட கையை நீட்டி, "பத்தொம்பதுன்னு எழுதுனா ஆவாதா, தாத்தா?" என்றாள். ஆகாது என்று வாங்கிக்கொண்டேன்.

ஆக, நூல் நூற்றிருக்கிறார்கள். குழியின் அளவும் அமைப்பும் தறிக்குழி. எங்கள் பக்கம் பவானி, சிறுமுகை என்று இன்றைக்கும் குழித்தறிகள் ஓடுகின்றன. தரையில் குழி, அதன் விளிம்பில் நெய்பவர் உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிட்டு மிதிப்பார். தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக ஒரு காலத்தில் முத்தோடு துணியும் கப்பல் ஏறியது என்று படித்தவர்களுக்குத் தெரியும். நெய்த இடம் கண்ணில் படுவதுதான் அபூர்வம். எஸ்தர் இதை இரண்டு முறை சொன்னார்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் வகைப் பட்டியலில். அது வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றைப் பார்த்து எழுதியது. 'நெசவு' என்ற தலைப்பின் கீழ் இரண்டு பிரிவு. ஒன்று கருவிகள்: தக்களி, இழை ஓட்டும் நாடா, தறி. மற்றது கட்டடங்கள்: நெசவுக்கூடம், சாயச்சாலை. குளிர்நாட்டுத் தறி தரைமேல் நிற்பது. நாலு பேர் தூக்கினால் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடும். நம் குழித்தறி பாதி மரம், பாதி தரை. மரம் மக்கிப்போன பிறகு மிச்சம் இருப்பது தரை மட்டும். பட்டியல் போட்டவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. கருவி என்று நான் எழுதினால், செங்கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடலாம், தொட்டி கட்டலாம். கட்டடம் என்று எழுதினால், குழி இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அந்தக் கட்டடம் எதுவரை போகிறது என்று தெரியும்வரை சுற்றி யாரும் மண்வெட்டி போடக்கூடாது.

"கருவின்னு எழுதிருங்க அய்யா" என்றார் ஸ்டெல்லா. மதியச் சாப்பாட்டில் என் இலைக்குச் சீலா மீன் துண்டு நான்கு விழுந்தது. எஸ்தருக்கு இரண்டு.

"அக்கா, பேத்தெடுத்தா அது வெறும் செங்கல்" என்றார் எஸ்தர். "இங்க இருக்குற வரைக்கும்தான் அது தறி."

"தறின்னா ஏன் சும்மா போட்டு வச்சிருக்கிய? நீங்களே உக்காந்து நெய்யுங்க. மாப்பிள்ளைக்கு வேட்டியாவது மிச்சம்."

மீன் நன்றாகத்தான் இருந்தது. அதற்காக நான் எதையும் எழுதுவதாக இல்லை. ஆனால் எதை எழுதுவது என்றும் தெரியவில்லை. எஸ்தர் சொன்னது சரி. ஸ்டெல்லா கேட்பதும் சரி. அன்று மாலை கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்து, கரை திரும்பிய படகுகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. மனம் ஒன்றிலும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை வயிறு சரியில்லை. காரணம் சீலா மீனா, கவலையா என்று பிரிக்க முடியவில்லை. கோயில் அறைக்குப் பின்னால் கழிப்பறை உண்டு; கீழே குத்தவைக்கும் வகை. எழுந்திருக்க நான் கதவுத் தாழ்ப்பாளைப் பிடிக்க வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. முட்டி ஆப்பரேசன் ஆன சம்பந்தியம்மாள் பக்கம் நியாயம் முழுமையாக இருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

பத்து மணிக்குக் குழியைத் தூரிகையால் சுத்தம் செய்தோம். எஸ்தர் ஒவ்வொரு விளிம்பாகப் படம் எடுத்தார். மூன்று விளிம்புகளில் செங்கல்லின் ஓரம் கூர்மையாக இருந்தது. கடல்பக்க விளிம்பு மட்டும் மழுங்கி, ஓர் ஆள் அகலத்துக்கு லேசாகத் தாழ்ந்து வழவழவென்று இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார்ந்தேன். காலைக் குழிக்குள் தொங்கவிட்டேன். தொடை பதியவேண்டிய இடத்தில் பதிந்தது.

"ஏளா, வந்து பாரு, கோயமுத்தூர் அய்யா நெய்ய உக்காந்துட்டாவ" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கூச்சல். ஐந்து நிமிடத்தில் பதினோரு பேர்.

அவர்கள் சிரிக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. நெய்தவர் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் எந்தக் குழித்தறி வீட்டுக்குள் போனாலும் நெய்பவரின் முதுகுக்குப் பின்னால், எட்டித் தொடும் தூரத்தில், சுவர் இருக்கும். பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீண்டு போவது முன்பக்கம். இடம் வேண்டியது அங்கேதான். பின்னால் இடத்தை வீணாக்க எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது. இங்கே அதற்கு மேல் இன்னொரு காரணம்: இந்தக் கடற்காற்றில் சுவர் இல்லாமல் பாவு விரித்தால் இழை ஒன்று மிஞ்சாது. அப்படியானால் கடல்பக்கச் சுவர் என் முதுகிலிருந்து நாலைந்து அடிக்குள் இருந்திருக்கவேண்டும். கட்டடம் எனக்கு முன்னால், ஸ்டெல்லா வீட்டுத் தரைக்குக் கீழே நீள்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடம் இல்லை; வெளி.

சத்தமாகச் சொன்னேன். எஸ்தர் கேமராவை இறக்கினார்.

"சுவர் இருந்தா, சார்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா எல்லையே தெரியாது. முழு முற்றத்தையும் தோண்டிப் பாத்துத்தான் சொல்லணும். மூணு மாசம்."

ஸ்டெல்லா எனக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். வசை வாங்கியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை குழிக்கும் கவிழ்ந்த வள்ளத்துக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு சோதனைக் குழி போட்டோம். தோண்டியவர் கொத்தனார் முத்துராஜ்; விளாத்திகுளம் பக்கத்து ஆள். எதற்கும் அவசரப்படாதவர். ஸ்டெல்லாவின் கணவர் சேவியர் கடலிலிருந்து வந்த ஈரத்தோடு கரையில் குந்தியிருந்தார். ஓரடி மணல். ஒன்றரை அடி மணல். ஸ்டெல்லா வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டடி, மணல்.

"அய்யா, உங்க ஊர் நெசவாளி மொதுகுக்குப் பின்னாலதான் செவுரு வச்சிருப்பான். எங்க ஊர்க்காரன் கடலுக்கு மொதுகு காட்டுனதே தப்பு" என்றார் சேவியர்.

"அவசரப்படாதீங்க" என்றேன். அவசரப்பட்டது நான்தான். கையிலிருந்த அளவுநாடாவை நீட்டவும் சுருட்டவுமாக இருந்தேன்.

இரண்டே கால் அடியில் மண்வெட்டி 'நங்' என்றது. முத்துராஜ் கையால் மணலை விலக்கினார். கடற்பாறைக் கல், பக்கத்தில் இன்னொன்று, நடுவே சுண்ணாம்புச் சாந்து. இரண்டு முனையிலும் நீண்டு போன நேர்க்கோடு. சுவரின் அடித்தளம். அதைத் தாண்டி இன்னும் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தோம்; வெறும் கடல் மணல், கிளிஞ்சல், நண்டு ஓடு.

எஸ்தர் முழங்காலிட்டு அந்தக் கல்லைத் தடவினார். நாற்பத்தைந்து வயது அலுவலர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல் அட்டையை எடுத்து எழுதினேன்: 'நெசவு: கட்டடம். தறிக்குழி, இருந்த இடத்திலேயே. கிழக்கு எல்லை, கடல்பக்கச் சுவர்.'

"என்ன எழுதுனிய?" என்று ஸ்டெல்லா ஓடிவந்தார்.

"கட்டடம்னு எழுதிட்டேனுங்க."

அவர் முகம் வாடியது.

"ஆனா சுவரோட முடிஞ்சுதுங்க. அதுக்கு அந்தப் பக்கம் வெறும் மணல். தொட்டி என்னங்க, நீச்சல்குளமே கட்டுங்க."

"எஸ்தரு, நெசந்தானா?"

"நெசந்தான் அக்கா. வள்ளம் கெடக்குற இடத்துல தோண்டிக்கோங்க. நான் எழுதித் தாறேன்."

ஸ்டெல்லா என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். சங்கோசத்தில் பின்னால் இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடியில் கோப்பை வைத்திருந்த வைக்கோல் தட்டுப்பட்டது. அதன்மேல் நான் உட்கார்ந்தேன் என்று சேவியர் இன்றைக்கும் சொல்கிறாராம். உட்காரவில்லை, சாய்ந்தேன். கோப்பை பக்கவாட்டில் உருண்டு, கழிப்பறைப் படியின் விளிம்பில் மோதி, இரண்டு பெரிய துண்டும் ஏழு சிறிய துண்டுமாகக் கிடந்தது.

சேவியர் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார்.

"இதக் கருவில சேப்பீயளா, கட்டடத்துல சேப்பீயளா?" என்று கேட்டார் முத்துராஜ்.

சனிக்கிழமை தூத்துக்குடி. எஸ்தரின் ஜீப்பை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சேவியருக்குப் பந்தல் வேலை. உடைத்தவன் வாங்கித் தருவதுதான் முறை என்று நான் தனியாகப் பேருந்தில் போனேன். கடைக்காரர் ஒரு கோப்பையை வைக்கோல் சுற்றிச் சாக்கில் போட்டுத் தந்தார். ஆட்டோவில் பேருந்து நிலையம். வழியில் மக்ரூன் நான்கு பெட்டி. வாயில் போட்டதும் கரைந்துபோகும் பண்டத்துக்கு எடைக்குக் காசு வாங்குகிறார்கள். இருந்தாலும் ஒரு பெட்டி வேம்பார் போய்ச்சேரவில்லை.

பேருந்தில் கூட்டம் இல்லை. கோப்பையைத் தரையில் வைத்தால் ஆடுகிறது. அதனால் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, சால்வையால் கம்பியோடு கட்டினேன். கம்பளிக்கு ஒரு வேலை கிடைத்தது. கண்டக்டர் வந்தார். இளைஞர், காதில் பென்சில்.

"வேம்பார் ஒண்ணு" என்றேன்.

"அவுகளுக்கு?"

"அது சாமானுங்க."

"சாமான்னா கீழ கெடக்கணும், அண்ணாச்சி. சீட்டுல உக்காந்திருந்தா ஆளு."

"கீழ வச்சா உடைஞ்சிரும்."

"அப்ப ஆளுதான். முழு டிக்கெட்டு."

முன்னிருக்கைப் பெரியவர் திரும்பினார். "ஏலே, அது என்ன வயசு பாத்தியா? புதுசு. அர டிக்கெட்டு போடு."

"அர டிக்கெட்டுன்னா மடியில வைக்கணும்" என்றார் கண்டக்டர், சிரிக்காமல்.

பேருந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு பெண்மணி, உட்காரவைக்கும் பொருள் எப்படி உட்காரும் என்று கேட்டார். ஆயுள் முழுக்க வகைப்படுத்தும் வேலை செய்த என்னால் அந்தப் பேருந்தில் ஒரு வார்த்தை சேர்க்க முடியவில்லை. கடைசியில் சுமைக் கட்டணம் போட்டுச் சீட்டுக் கிழித்தார் கண்டக்டர். "ஆனா சால்வையப் போத்தி உக்காந்திருக்குறதப் பாத்தா சுமை மாதிரித் தெரியல" என்றார். குளத்தூரில் ஏறிய ஒருவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று அதனிடம் சொன்னது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கடற்கரையில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் பாதிப் பேர் கடலில், பாதிப் பேர் தூக்கத்தில். ஊரின் ஆண்பிள்ளைகள் மொத்தமும் கரையில் நிற்பது இந்த ஒரு நாள்தான். அந்த வள்ளத்தை அசைக்க மொத்தப் பேரும் வேண்டும். பூசை முடிந்து, வெள்ளை வேட்டி மாற்றாமலே வந்தார்கள். முப்பத்திரண்டு பேர். எண்ணி முடிப்பதற்குள் மூன்று பேர் கூடிவிட்டார்கள்.

"ஏலே, குனியாதலே, இடுப்பு போயிரும். தோளக் குடு."

"இவன் தோளக் குடுத்தா வள்ளம் இவன் மேல ஏறி உக்காந்துக்கும்."

"பேசாம தூக்குலே. ஸ்டெல்லாக்கா இன்னைக்குக் கறி வச்சிருக்காவ."

கறி என்ற வார்த்தைக்கு வள்ளம் ஒரு சாண் உயர்ந்தது. நான் தறிக்குழியின் விளிம்பில் குடையை விரித்து நட்டுவிட்டு, இரண்டு கையையும் அகட்டிக் காவல் நின்றேன். ஒருத்தன் கால் சறுக்கினாலும் குழி போய்விடும். வள்ளம் எனக்கு மூன்றடிக்கு அப்பால் நகர்ந்து வேலியைத் தாண்டியது. அடியில் வாழ்ந்திருந்த ஒரு பூனைக் குடும்பம் கோபமாக வெளியேறியது. ஐந்து.

முத்துராஜ் தோண்டினார். அவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்று. சிமெண்ட் உறை நான்கை இறக்கி, மூடி போட்டு, குழாயைத் தறிக்குழியைச் சுற்றி வளைத்து இழுத்தார். நேராக இழுத்தால் குழாய் மிச்சம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவே நின்று, "குழியில மண்ணு விழாமப் பாத்து, விழாமப் பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் கோப்பை பொருத்தப்பட்டது. குழிமேல் பலகை போட்டு, பலகைமேல் தார்ப்பாய் விரித்தோம்.

திங்கட்கிழமை கல்யாணம். கோயில் மணி, வெடி, பட்டு. ஜெனோவா நிமிர்ந்து நடந்தாள். ஸ்டெல்லாவுக்கு அப்படி முடியவில்லை. பூசை முழுக்கத் திரும்பித் திரும்பி, சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருக்கும் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாள் கனத்த உடம்பு, கையில் வெள்ளிப் பிடிக் கோல். வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், சர்பத் குடித்தார். பிறகு ஸ்டெல்லாவின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஸ்டெல்லா வெளியே நின்று ஜெபமாலையைக் கையில் உருட்டினார். சேவியர் மேளக்காரரை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நானும் எஸ்தரும் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்றோம்.

தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது. பந்தல்வரை கேட்டது. கோல் முதலில் வெளியே வந்தது, பிறகு அவர்.

"ஏளா ஸ்டெல்லா" என்றார். "நல்லாத்தான் கட்டியிருக்க. ஒரே நாள்ல ஓடணுமேன்னு நெனச்சேன். ரெண்டு நாளு இருந்துட்டே போறேன்."

ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் பாதியில், இரண்டு நாளைக்குச் சம்பந்திக்கு என்ன சமைப்பது என்ற கவலை வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சேவியர் கையை உயர்த்தினார். மேளம் முழங்கியது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது எஸ்தர், "சார், உங்க செலவெல்லாம் எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல வாங்கித் தாறேன். கோப்பைய மட்டும் எந்தத் தலைப்புல போடன்னு தெரியல. பயணமா, தங்கலா?" என்றார்.

எதிலும் போடவேண்டாம், எல்லாமே என் கணக்கில் இருக்கட்டும் என்றேன். போக வர, டீ, மாத்திரை, மக்ரூன், கோயில் தாழ்ப்பாள், கோப்பை, அது வந்த டிக்கெட், ஜெனோவாவுக்கு வைத்த மொய் உட்பட எனக்கு மொத்தம் ஆனது எட்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு ரூபாய்.